சிறீபதி சந்திரசேகர்

சிறீபதி சந்திரசேகர் (நவம்பர் 22, 1918 – சூன் 14, 2001) இந்திய மக்கள்தொகையியல் அறிஞர், பொருளியலாளர், அரசியல்வாதி ஆவார். 1967 முதல் 1970 வரை இந்திரா காந்தி அரசில் நலவாழ்வு, குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சராக இருந்தார். இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த இராசமுந்திரியில் பிறந்தார். வேலூர் ஊரீசு கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1944 இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராகவும், பின்னர் (1975–1978) அதன் துணைவேந்தராகவும் பணியாற்றினார். மக்கள்தொகை ஆய்வுக்கென ஓர் இதழை 1957 இல் தொடங்கி நடத்தினார்.

கருக்கலைப்புச் சட்டம்

1860 ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312 ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிச் செய்யப்படும் கருக்கலைப்பு குற்றமாக இருந்தது. கலைத்துக்கொண்ட பெண்ணும் தண்டனைக்குரியவராக இருந்தார். இதனால் பலர் மறைவாக, பயிற்சியற்றவர்களிடம் சென்று உயிரிழந்தனர். 1964 இல் அமைக்கப்பட்ட சாந்திலால் சா குழு, சட்டத்தைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. எனவே சந்திரசேகரை மட்டும் இச்சட்டத்தின் தந்தை எனக் கூறுவது முழுமையாகப் பொருந்தாது. ஆயினும் அவர் அமைச்சராக இருந்தபோதுதான், 1969 இல், இதற்கான சட்டமுன்வடிவு மாநிலங்களவைக்கு வந்தது. 1971 இல் அது நிறைவேறியபோது அவர் பதவியில் இல்லை. சட்டம் ஏப்ரல் 1, 1972 முதல் நடைமுறைக்கு வந்தது. வயது வந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே போதுமானது. கணவரின் கையெழுத்து தேவையில்லை. இவ்விதி இன்றும் பலர் அறியாதது.

சட்டமும் உழைக்கும் பெண்களும்

மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதே சந்திரசேகரின் முதன்மையான அக்கறை. பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். ஆனால் மணமாகாமல் தனித்து வாழ்ந்து பணிபுரியும் பெண்ணை 1971 ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. கருத்தடை முறை பொய்த்துப்போதல் என்னும் காரணம் மணமான பெண்ணுக்கு மட்டுமே உரியதாக எழுதப்பட்டது.

ஓசூர், கிருட்டிணகிரி பகுதிகளை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். அங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் இளம்பெண்கள் மிகுதி. வெளியூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி, முறைமாற்றுப் பணியில் ஈடுபடுவோர் பலர். அவர்களுள் மணமாகாத ஒருவர் கருவுற்றால் மருத்துவமனையில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் திருமணம் பற்றியதே. சிலர் அறிமுகமானோர் கண்ணில் படாதிருக்க எல்லை கடந்து பெங்களூருக்குச் செல்வதுண்டு. எனினும் இது நடுவண் சட்டமாதலால் அத்திப்பள்ளிக்கு இப்புறமும் அப்புறமும் விதி ஒன்றே.

2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கணவர் என்ற சொல்லுக்குப் பதிலாக இணையர் என்ற சொல் இடம்பெற்றது. குறிப்பிட்ட பிரிவினர்க்கான 24 வார வரம்பில் மணமாகாத பெண்களுக்கும் உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 29, 2022 அன்று தீர்ப்பளித்தது.

நூல்கள்

கருக்கலைப்பு குறித்து 1974 இலும் 1994 இலும் ஆங்கிலத்தில் நூல்கள் வெளியிட்டார். கருத்தடை நூலொன்றை வெளியிட்டதற்காக அன்னி பெசண்ட் 1877 இல் இலண்டனில் எதிர்கொண்ட வழக்கைப் பற்றிய அவரது நூல் 1981 இல் வெளியானது. அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தலைவராக மட்டும் பெசண்டை அறிந்தோர்க்கு அது புதிய செய்தியாக இருக்கும்.