10 வெள்ளியில் தோட்டம் வாங்கிய பாட்டாளிகள்: துன் சம்பந்தன் காட்டிய வழி

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்ற பேச்சு இப்போது நம் நாட்டில் எங்கும் கேட்கிறது. பெருநாள் காலத்தில் அரிசி மூட்டை கொடுக்கிறார்கள், பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசுகிறார்கள், ஊழியர்களும் ஒரே நிறச் சட்டை அணிந்து கூட வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எதைச் செய்வது, எவ்வளவு செய்வது என்பதைப் பெரும்பாலும் மேலிடம்தான் முடிவு செய்கிறது.

உழைப்பவரையே பொறுப்பாளராக்கும் முயற்சி ஒன்று 60 ஆண்டுகளுக்கு முன்பே நம் தோட்டப்புறங்களில் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் துன் வீ.தி.சம்பந்தன். அவருடைய பெயரை நாம் சாலையிலும் கட்டடத்திலும் தினமும் பார்க்கிறோம். அவர் செய்த வேலையின் உள்விவரம் இளையோர் பலருக்குத் தெரியாது.

சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து மலாயா வந்து, உழைத்து முன்னேறி, ரப்பர் நிலம் வாங்கியவர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குப் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பினார். ஆக, அவர் லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை அல்லர். நிலம் வைத்திருந்தவரின் மகன். பாட்டாளியின் வாழ்க்கையையும் முதலாளியின் கணக்கையும் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர்.

1955-இல் அவர் ம.இ.கா. தேசியத் தலைவரானார். அதுவரை ஆங்கிலம் படித்த நகரத்தார் சிலரே முன்னணியில் இருந்த கட்சிக்குள் தோட்டத் தமிழர்கள் பெருவாரியாக வந்தது அவர் காலத்தில்தான். அதே ஆண்டில் தொழிலாளர் அமைச்சர், அதன் பின் சுகாதார அமைச்சர், அதற்கும் பிறகு பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர் எனப் பொறுப்புகள் தொடர்ந்தன. துங்கு அப்துல் ரஹ்மானோடு சேர்ந்து சுதந்திரத்திற்குப் பாடுபட்ட கூட்டணித் தலைவர்களில் அவரும் ஒருவர்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அதே காலத்தில் தோட்டப்புறங்களில் வேறொரு புயல் வீசியது. அதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. புதிய அரசு எப்படி நடந்துகொள்ளுமோ என்ற ஐயம் ஒரு பக்கம். கிழட்டு மரங்களை அழித்து மறுநடவு செய்யும் செலவு மறுபக்கம். நல்ல விலை கேட்டு வந்த தரகர்களும் இருந்தார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தை முழுதாக நடத்தவில்லை. துண்டு துண்டாக வெட்டிப் பலருக்கு விற்று லாபம் பார்த்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றிப் பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஸிஸ் தனி ஆய்வே நடத்தினார் என்றால் அதன் அளவை நாம் ஊகிக்கலாம்.

தோட்டம் துண்டானால் பாட்டாளிக்கு என்ன ஆகும்? சின்ன நிலம் வாங்கியவர் தன் குடும்பத்தாரையோ குத்தகை ஆளையோ வைத்து மரம் வெட்டிக்கொள்வார். பழைய ஆட்களுக்கு அங்கே வேலை இருக்காது. வேலை போனால் லயத்து வீடும் போகும், ஏனெனில் வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டத்து மருந்தகம், பிள்ளைக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் கேள்விக்குறியாகும். இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே மண்ணில் உழைத்தவர்கள் சட்டி பானையோடு சாலையோரம் நின்றார்கள். குடியுரிமை இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம்.

இதற்கு நிவாரண நிதி திரட்டியிருக்கலாம். அரசிடம் உதவி கேட்டு மனு கொடுத்திருக்கலாம். சம்பந்தன் வேறு வழியை எடுத்தார். தோட்டம் விற்பனைக்கு வருகிறதென்றால், அதில் வேலை செய்பவர்களே அதை ஏன் வாங்கக் கூடாது என்பதே அவருடைய எண்ணம். அதற்காக 1960-இல் உருவானதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். துங்குவின் ஆதரவும் அதற்குக் கிடைத்தது. சங்கத்தை வளர்ப்பதில் கே.ஆர்.சோமசுந்தரம் அவருக்குத் துணையாக நின்றார்.

திட்டம் எளிமையானது. தனி ஒருவரால் ஒரு தோட்டத்தை வாங்க முடியாது. ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கு 10 வெள்ளியாகச் சேர்த்தால் முடியும். ஆனால் அன்றைய பால்மரம் வெட்டுக்காரருக்கு 10 வெள்ளி என்பது சில நாள் கூலி. அரிசிக்கும் பிள்ளையின் பாடப் புத்தகத்திற்கும் வைத்திருக்க வேண்டிய காசு. பட்டணத்தில் இருக்கும் ஒரு சங்கத்தை நம்பி அதை எப்படிக் கொடுப்பது என்ற தயக்கம் நியாயமானதே.

அந்தத் தயக்கத்தைப் போக்க அமைச்சராக இருந்தவரே தோட்டம் தோட்டமாகப் போனார். பாட்டாளிகளிடம் நேரில் பேசினார். கேட்டது நன்கொடை அல்ல, பங்குத் தொகை. நன்கொடை கொடுத்தவருக்கு அத்தோடு வேலை முடிந்தது. பங்கு வாங்கியவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. லாபத்திலும் நட்டத்திலும் பாத்தியதை உண்டு. கூட்டுறவில் பங்கு எத்தனை இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான் என்பதும் கவனிக்க வேண்டியது.

1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதுவே முதல் தோட்டம். பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடக் காத்திருந்தவர்கள் சேர்ந்து, பெரிய தோட்டமொன்றை வாங்கிக் காட்டினார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன.

சம்பந்தன் 1973-இல் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். உட்கட்சிப் பூசல் அவருடைய கடைசி ஆண்டுகளைக் கசப்பாக்கியது. அதன் பின்னும் கூட்டுறவுப் பணியை அவர் கைவிடவில்லை. 1979 மே 18-ஆம் தேதி அவர் மறைந்தபோது, சங்கத்தில் சுமார் 85,000 உறுப்பினர்களும் 18 தோட்டங்களும் இருந்தன.

இந்த முயற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல முடியாது. துண்டான தோட்டங்கள் பல. சங்கம் காப்பாற்றியவை சில. 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சிக்கலில் குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் நாட்டை விட்டே போக நேர்ந்தது. கூட்டுறவுத் தோட்டத்திலும் விடியற்காலையில் எழுந்து மரம் வெட்டியவர் தினக்கூலிக்காரராகவே இருந்தார். பங்குதாரர் என்ற பெயர் மட்டும் அவருடைய சம்பளத்தை உயர்த்திவிடாது. உறுப்பினராக இருப்பதற்கும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பதற்கும் இடையே தூரம் உண்டு. அந்தத் தூரத்தைக் குறைப்பது எந்தக் கூட்டுறவுக்கும் முடியாத வேலை அல்ல, முடிக்க வேண்டிய வேலை.

ஆனாலும் அவர் விட்டுச் சென்ற பாடம் இன்றைய நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஊழியரைத் தொண்டுக்கு அழைப்பவர்கள், அவரிடம் முதலில் கேட்க வேண்டும். அவருடைய குடியிருப்பில் என்ன குறை, எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். திட்டம் போடுவதிலும் கணக்குப் பார்ப்பதிலும் அவருக்கு இடம் கொடுத்தால், படம் எடுத்து முடிந்த பிறகும் வேலை நடக்கும்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. அன்று 10 வெள்ளி கொடுத்தவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. பல வீடுகளில் தாத்தா பாட்டியின் பங்குச் சான்றிதழ் சாமி படத்துக்குப் பின்னாலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ கிடக்கலாம். தேடிப் பாருங்கள். வாரிசு யார் என்று பதிந்திருக்கிறதா, கூட்டத்திற்கு நம் வீட்டிலிருந்து யாராவது போகிறார்களா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். வயிற்றைக் கட்டிச் சேர்த்த அந்தப் பணத்தோடு வந்த கேள்வி கேட்கும் உரிமையும் நமக்குரிய சொத்துதான்.