படிகவியல் அறிஞர் இராமச்சந்திரனார்

கண்ணுக்குப் புலப்படாத அணுக்களின் இருப்பிடத்தை அளந்து காண்பது அரிய கலை. அக்கலையில் வல்லுநராய் விளங்கி, தமிழகத்தின் பெயரை உலக அறிவியல் நூல்களில் நிலைபெறச் செய்தவர் ஜி. என். இராமச்சந்திரனார். அளவுகளைக் கூட்டுமுன் அவை ஒரே முறையில் எண்ணப்பெற்றனவா என்று ஒத்துப் பார்த்தல் வேண்டும். முடிவு கண்ட பின்னும் அதனை மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். இவ்விரண்டும் அவர்தம் வாழ்வினின்று மாணவர் அறியத்தக்க உண்மைகளாகும்.

திருநெல்வேலியைச் சார்ந்த கோபாலசமுத்திரம் இவர்தம் முன்னோர் ஊர். இவர் 1922 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8 ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்; ஆதலின் எண்களோடு உறவு இவருக்கு இளமையிலேயே வாய்த்தது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1942 இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கிருந்த சர் சி. வி. இராமன் இவர்தம் மதிநுட்பத்தைக் கண்டு, இவரை இயற்பியல் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர் இவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 1949 இல் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

1952 இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவர் ஒருவரைத் தேடியது. துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் இராமனின் பரிந்துரையை ஏற்று, முப்பது வயதளவினரான இவரை அப்பதவியில் அமர்த்தினார். கிண்டியில் இருந்த அத்துறையை இவர் படிக ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடமாக ஆக்கினார்.

அவ்வாராய்ச்சியின் இயல்பைச் சிறிது காண்போம். படிகத்தில் அணுக்கள் ஒழுங்குற அணிவகுத்து நிற்கும். அதன்மேல் எக்ஸ் கதிர் பட்டால், அக்கதிர் பல திசைகளில் சிதறிப் படத்தாளில் புள்ளிகளைப் பதிக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்களாலாகிய பெயர் உண்டு. அவற்றைச் சுட்டெண்கள் என்பர். எந்தப் புள்ளி எத்துணைச் செறிவுடையது என்ற பட்டியலினின்றே அணுக்களின் அமைப்பைக் கணித்தறிவர். புரதப் படிகமோ எக்ஸ் கதிரால் விரைவில் கெடும் இயல்பினது. ஆதலின் ஒரு படிகம் பலகால் போதாது. பல படிகங்களின் பட்டியல்களைச் சேர்த்தே முழுமை காணவேண்டும். இங்கே ஓர் இடர் உண்டு.

சதுரமான தென்னந்தோப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். மரங்கள் இருபுறமும் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. காய் எண்ணும் இருவர் ஒரே மூலையிலிருந்து தொடங்குகின்றனர். ஒருவர் தெற்கு நோக்கி வரிசைகளை எண்ணுகிறார். மற்றவர் மேற்கு நோக்கி எண்ணுகிறார். முன்னவருக்கு மூன்றாம் வரிசையின் ஐந்தாம் மரமாவது பின்னவருக்கு ஐந்தாம் வரிசையின் மூன்றாம் மரம். தோப்பின் வடிவத்தை மட்டும் பார்த்தால் இருவர் கணக்கும் சரியே. தனித்தனியே நோக்கின் குற்றம் தோன்றாது. ஆயினும் மரத்துக்கு மரம் காய்ப்பு வேறன்றோ? இரு பட்டியலையும் அப்படியே கூட்டினால், ஒரு மரத்தின் காய் மற்றொரு மரத்தின் கணக்கில் ஏறும். எம்மரம் நன்கு காய்த்தது என்பது விளங்காமற் போகும்.

சிலவகைப் படிகங்களிலும் இவ்வாறே சட்டகத்தின் சமச்சீர் மிகுதியாகவும், உள்ளிருக்கும் அணு அமைப்பின் சமச்சீர் குறைவாகவும் இருக்கும். அப்பொழுது ஒவ்வொரு படிகத்துக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறைகளில் சுட்டெண் இடலாம். தீர்வு யாதெனில், ஒரு பட்டியலை அளவுகோலாகக் கொண்டு, மற்றதனை இருந்தவாறும் எண்களை மாற்றியும் அதனோடு ஒப்பிடுதல். எம்முறையில் செறிவுகள் மிகவும் ஒத்து வருகின்றனவோ, அம்முறைப்படி பெயரிட்ட பின்னரே இரண்டையும் சேர்த்தல் வேண்டும். இக்காலத்தில் பல்லாயிரம் நுண்படிகங்களைப் படமெடுத்து, கணிப்பொறியால் இவ்வொப்பீட்டைச் செய்கின்றனர்.

இத்தகைய செம்மை இராமச்சந்திரனாரின் பணிக்கு இன்றியமையாததாயிற்று. 1956 இல் அவர் எஸ். ராமன் என்பாருடன் இணைந்து புதிய முறை ஒன்றைக் கண்டார். ஒரு புள்ளிக்கும் அதற்கு நேர் எதிரான புள்ளிக்கும் உள்ள சிறு செறிவு வேறுபாட்டைக் கொண்டு படிகத்தின் அமைப்பை அறியும் முறை அது. அவ்விரு புள்ளிகளின் பெயர் இடம் மாறிவிட்டால், வலக்கை அமைப்பு இடக்கை அமைப்பாகத் தோன்றும்.

இதற்கு முன்னரே அவர் பெரும்புகழ் எய்தியிருந்தார். தோலிலும் நரம்பு நாணிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அறிஞர்க்குப் புதிராயிருந்தது. இராமச்சந்திரனாரும் கோபிநாத் கர்த்தாவும் அதனை ஆராய்ந்து, மூன்று இழைகள் சேர்ந்த சுருள் அமைப்பை 1954 இலும் 1955 இலும் வெளியிட்டனர். உடனே மேனாட்டு அறிஞர் கிரிக்கும் ரிச்சும் மறுப்பு எழுப்பினர். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்பது அவர்தம் குறை. இளம்பேராசிரியரின் நற்பெயருக்கு அது சோதனையாயிற்று.

இராமச்சந்திரனார் சினந்து வாதிடுவதோடு நிற்கவில்லை. அளவுகோலையே ஆராயப் புகுந்தார். அணுக்கள் எத்துணை நெருங்கலாம் என்பதை அதுவரை தெளிந்த படிகங்களின் அளவுகளினின்று திரட்டினார். அம்முயற்சியின் கனியாக, சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963 இல் வெளியிட்டதே இராமச்சந்திரன் வரைபடம். புரத இழை எக்கோணங்களில் திரும்பலாம், எக்கோணங்களில் திரும்ப இயலாது என்பதை அது காட்டும். கொலாஜனில் அணுப்பிணைப்புகளின் எண்ணிக்கை திருத்தம் பெற்றது. மூவிழைச் சுருள் என்னும் அடிப்படை நிலைத்து நின்றது.

பின்னர் 1971 இல் அவர் பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1977 இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். 1999 இல் படிகவியலுக்குரிய எவால்டு பரிசைப் பெற்றார். 2001 ஆம் ஆண்டு ஏப்பிரல் 7 ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

இன்று எந்நாட்டினர் புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அதன் பிழையறிய இவர்தம் வரைபடத்தில் வைத்துப் பார்க்கின்றனர். தம் முடிவின்மேல் எழுந்த ஐயத்தை உலகோர்க்கெல்லாம் உரைகல்லாக மாற்றித் தந்த பெருமை இராமச்சந்திரனாருக்கு உரியது. மாணவர்களும் தம் கணக்கைப் பிறர் கணக்கோடு ஒத்துப் பார்க்க நாணாதிருத்தல் வேண்டும்.