நடையிலே பிறந்த பாட்டு

வீணை உண்டா? இல்லை! மத்தளம்? கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் குறையில்லை! தோளிலே காவடி, காலிலே புழுதி, தொண்டையிலே தமிழ்! இவ்வளவே மூலதனம். அதை நம்பிப் பாட்டெழுதிப் பாமரர் நாவிலே குடியேறியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்.

இலஞ்சிக்கு அடுத்த மேலகரம், குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பரைத் தந்த ஊர். அந்தத் தென்காசிச் சீமையிலேயே, சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தில், 1865-ல் பிறந்தார் அண்ணாமலை. தமிழ்ப் பசி அவரைத் திருவாவடுதுறை வரை இழுத்துச் சென்றது, அங்கே உ. வே. சாமிநாதரிடம் பாடம் கேட்டார். பின்னர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப்புலவரானார்.

அவைப்புலவர் அல்லவா? அந்தாதி பாடினார், திரிபு பாடினார், மும்மணிக்கோவை பாடினார். பண்டிதர் மெச்சினர். இன்று அவற்றை அறிந்தோர் எத்தனை பேர்?

ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்தார். நெடுவழி, கடும்வெயில். நடப்போரின் களைப்பு நீங்கப் பாட்டு வேண்டும். புலவர் பாடினார், பிறந்தது காவடிச் சிந்து!

அதன் சூட்சுமம் என்ன? தாளம் வெளியே இல்லை, சொல்லுக்குள்ளே இருக்கிறது. எதுகையும் மோனையும் இயைபும் அடியெடுத்து வைக்கும் கதியிலே வந்து விழுகின்றன. ஆகவே சுமை தூக்குபவன் பாடலாம், ஏற்றம் இறைப்பவன் பாடலாம். பக்கவாத்தியக்காரருக்குக் காத்திருக்க வேண்டாம்.

அயர்லாந்திலும் வாத்தியமின்றிப் பாடும் மரபொன்று உண்டு. 'பழைய பாணி' என்பதே அதன் பெயர். அதன் பெரும் பாடகர் ஜோ ஹீனி, நியூயார்க்கிலே வாயிற்காவலராக வேலை பார்த்தவர். 1982-ல் அமெரிக்க அரசு அவருக்கு விருதளித்தது. ஆங்கிலம் அமுக்கிய ஐரிஷ் மொழியைக் காத்தவை இப்படிப்பட்ட ஏழைத் தொண்டைகள்தாம்!

இங்கே மட்டும் என்ன? சபாக்களிலே தெலுங்குக் கீர்த்தனை கோலோச்சிய காலத்தில், தமிழ்ப் பாட்டு தெருவிலே தலைநிமிர்ந்து நடந்தது. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது 1943-ல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, தீர்மானம் போடாமல், வசூல் செய்யாமல், காவடி தூக்கியவர்கள் தமிழிசையைக் காத்தார்கள். கச்சேரி மேடையும் பிறகு சிந்தைச் சேர்த்துக்கொண்டது, கடைசியிலே பாடும் துக்கடாவாக!

1891-ல் அண்ணாமலையார் மறைந்தார். வாழ்ந்தது 26 ஆண்டு. அவையிலே அரங்கேறியது அலமாரிக்குப் போயிற்று. வழியிலே பாடியது வாழ்கிறது.

ஆனால் தோழரே, இன்று ஒலிபெருக்கி பாடுகிறது, நாம் வாய்மூடி நடக்கிறோம். உம் வீட்டுப் பெரியவருக்கு ஒரு சிந்து தெரியுமானால், இன்றிரவே கேட்டுப் பாடம் செய்துகொள்ளும். ஏட்டிலே இருப்பது சொல். மெட்டு இருப்பது அவர் தொண்டையில். அந்தத் தொண்டை ஓய்ந்தால் மெட்டும் ஓய்ந்துவிடும்!