கைகளைத் தொங்கவிட்ட போதகர்

1962 செப்டம்பர் 28. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் நகரம். மாநாட்டில் பேசிக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங்கை, மேடையேறி வந்த வெள்ளை இளைஞர் ஒருவர் முகத்தில் குத்தினார். மறுபடியும் குத்தினார். கிங் தடுக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டு அவரை நேருக்கு நேர் பார்த்தார். ஓடிவந்த தன் ஆட்களிடம், அவர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடித்தவர் அமெரிக்க நாஜிக் கட்சிக்காரர். அவர் மீது புகார் கொடுக்கவும் கிங் மறுத்தார்.

இதைப் பிறவிக் குணம் என்று நினைத்துவிடக் கூடாது. 1929இல் அட்லாண்டாவில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்த கிங், மாண்ட்கோமரி சபையில் தானும் போதகரானார். 1955 டிசம்பரில், வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானபோது, பேருந்துப் புறக்கணிப்புக்குத் தலைமையேற்றார். அப்போது அவருக்கு வயது 26.

1956 ஜனவரி 30 இரவு அவர் வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கொரெட்டாவும் மூன்று மாதம்கூட ஆகாத மகளும் இருந்தார்கள், காயமில்லாமல் தப்பினார்கள். கொதித்துப்போன கறுப்பின மக்கள் ஆயுதங்களோடு திரண்டார்கள். மேயரும் போலீஸ் கமிஷனரும் அங்கே வந்திருந்தார்கள். இருவருமே நிறப் பாகுபாட்டைக் காக்கும் வெள்ளையர் கவுன்சிலில் சேர்ந்தவர்கள். ஒரு கல் விழுந்திருந்தால் போதும். கிங்கோ, பகைவரை நேசிக்கச் சொன்ன இயேசுவை நினைவூட்டி, ஆயுதங்களோடு வீட்டுக்குப் போகும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்.

அதன்பின் அதே கிங் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. வீட்டில் ஆயுதக் காவலும் இருந்தது. மெல்லத்தான் அதையெல்லாம் விட்டார். இதை மறைத்து அவரைச் சிலையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பயந்த மனிதர்தான் கையை இறக்கக் கற்றுக்கொண்டார். பணிந்து போனவர் என்றும் சொல்ல முடியாது. மக்கள் 381 நாள் பேருந்து ஏறவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, விரும்பிய இருக்கையில் உட்காரலாம் என்றான பிறகே ஏறினார்கள்.

எதிரியை மதிப்பதைவிடச் சொந்த ஜனத்தில் மாற்றுக் கருத்துள்ளவரை மதிப்பது கடினம். ஒரே காலனியில் இரண்டு கொடிக்கம்பம் நிற்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மால்கம் எக்ஸ் பல ஆண்டுகள் கிங்கைக் கடுமையாக ஏளனம் செய்தார். இருவரும் நேரில் சந்தித்தது 1964 மார்ச்சில் ஒரே முறை, சில நிமிடம். 1965 பிப்ரவரியில் மால்கம் கொல்லப்பட்டபோது, அவர் மனைவிக்குக் கிங் தந்தி அனுப்பினார். கருத்து வேறுபாட்டை அதில் மறைக்கவில்லை. மால்கம் மீது தனக்கிருந்த அன்பையும் சொன்னார்.

1959இல் இந்தியா வந்தபோது, கேரளத்தில் தலித் மாணவர்கள் படித்த பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அதிர்ந்தார், யோசித்துப் பார்த்து, உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டார்.

அவருடைய கடைசிப் போராட்டம் தூய்மைப் பணியாளர்களுக்கானது. 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில் குப்பை லாரியின் எந்திரத்தில் நசுங்கி இரண்டு பணியாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காகப் போன இடத்தில், ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. கணவரை அடக்கம் செய்வதற்கு முந்தைய நாள், ஏப்ரல் 8 அன்று, கொரெட்டா மெம்பிஸ் தெருக்களில் அமைதி ஊர்வலத்தை முன்னின்று நடத்தினார். ஏப்ரல் 16இல் நகர நிர்வாகம் பணியாளர் சங்கத்தை அங்கீகரித்தது. கூலியும் உயர்ந்தது.