டிப்ளமோ படித்த ரஹீம் சார்



நான் கோட்டைப்பட்டினத்துக்காரன். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் கரையோர மணல்தான் எங்க ஊர்ப் பசங்களுக்கு ஃபுட்பால் கிரவுண்டு. அங்கே நான் பெரிய ஆட்டக்காரன் என்ற நினைப்பு! இந்த வருஷம் கல்லூரி டீமில் இடம் கிடைக்கவில்லை. எனக்குப் பீச்சாங்கால் சுத்தமாக வராது, அதுதான் காரணம். ஆட முடியாதவனுக்கு இனி பந்தோடு என்ன உறவு என்று சோர்ந்து கிடந்தேன். அப்போதுதான் 2024-ல் வந்த ‘மைதான்’ ஹிந்திப் படத்தைப் பார்த்தேன். அந்தப் படத்தின் நாயகர் சையத் அப்துல் ரஹீமைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடியவர். ஆட்டக்காரராகவே பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் போய் நின்ற இடம் பள்ளிக்கூட வகுப்பறை! ஆசிரியரான பிறகும் படிப்பை விடவில்லை. உடற்கல்வியில் ஒரு டிப்ளமோ வாங்கினார். ஆமாம் நண்பர்களே, டிப்ளமோதான்! அதன்பின் தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளியிலும் சாதர்காட் உயர்நிலைப் பள்ளியிலும் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார்.

பெரிய அணிகளுக்குப் பயிற்சியாளரான பிறகும் அந்த வாத்தியார் புத்தி போகவில்லை. வருவதைத் தட்டிக் கொடுப்பதைவிட, வராததைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். பழகாத காலால் மட்டுமே உதைக்கும் போட்டி, பந்தைத் தட்டிக்கொண்டு தனியாக ஓடக் கூடாத போட்டி என்றெல்லாம் நடத்தினார். அவருடைய ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் அவருடைய இந்திய அணிக்குத் தங்கம்.

அடுத்த வருஷமே பெரிய அடி! 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோல்வி. நம் ஆட்டக்காரர்கள் பலர் காலில் பூட்ஸே இல்லை. ஃபெயிலான வகுப்பை நல்ல வாத்தியார் கைகழுவுவாரா? 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குப் போனோம். ஆசியாவிலிருந்து அதுவரை எந்த அணியும் போகாத இடம் அது. முடிவில் 4-ஆம் இடம்.

பிறகு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ரஹீம் சார் உடம்பில் புற்றுநோய். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் தலையில் தையல். அவரையே முன்வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார் ரஹீம் சார்! செப்டம்பர் 4-ல் இறுதியாட்டம். பார்வையாளர் கூட்டத்தில் பெரும்பகுதி நமக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம்! அடுத்த வருஷம் ஜூன் 11-ல் ரஹீம் சார் காலமானார். அந்தத் தங்கத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் நமக்கு இன்னொரு தங்கம் கிடைக்கவில்லை.

ஜர்னைல் சிங்கை எங்கே நிறுத்தினால் கோல் விழும் என்று கண்டுபிடித்தாரே, அதுதான் வாத்தியார் கண். தன்னிடம் இருப்பது தனக்கே தெரியாமல் எத்தனை பேர் நம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறோம்!

இப்போதெல்லாம் ஊருக்குப் போனால் சின்னப் பசங்களுக்குப் பந்து பழக்குகிறேன். பீச்சாங்காலால் மட்டும்தான் உதைக்கணும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். சட்டம் எனக்கும் சேர்த்துத்தான். நான் உதைக்கும் பந்து இன்னும் கடலுக்குத்தான் போகிறது. பசங்க பந்து நேராகப் போக ஆரம்பித்துவிட்டது!