வானத்து வாத்தியார்

முதல் உலகப் போர் விமானிகளைப் பற்றி டி.வி.யில் வரும் டாக்குடிராமாக்களை விடாமல் பார்க்கிற ஆசாமி நான். பாதி நிஜப் படம், பாதி நடிகர்கள். கண்ணை எடுக்க முடியாது. பெரும்பாலும் கதாநாயகன் ஒருவர்தான்: 80 விமானங்களை வீழ்த்திய 'சிவப்புப் பிரபு' ரிக்டோஃபன். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வந்தாலும் ஓரிரு காட்சியோடு சரி. பழைய மாணவர்கள் கூடும் மலரில் அந்த வாத்தியாரைப் பற்றி எழுதுவதே முறை என்று பட்டது.

ஓஸ்வால்ட் போல்கே 1891-ல் ஜெர்மனியில் ஹாலே நகரை ஒட்டிய ஊரில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். பையன் 1911-ல் ராணுவத்தின் தந்திப் பிரிவில் சேர்ந்தார். 1914 ஆகஸ்டில், போர் மூண்ட அதே மாதத்தில், விமானி ஆனார்.

அப்போதெல்லாம் விமானம் வேவு பார்க்கத்தான். நேர் எதிரே சுட வேண்டுமென்றால் நடுவில் ப்ரொப்பெல்லர் சுற்றுகிறதே! சுட்டால் நம் பிளேடே உடையும். 1915-ல் ஃபோக்கர் நிறுவனம் இதற்கு வழி கண்டது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு கேம், அது தள்ளும் ஒரு ராட். பிளேடு வழியில் இல்லாத நேரத்தில் மட்டும் மெஷின் கன் சுடும். நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் எஞ்சின் வால்வை நினைத்துக்கொண்டால் போதும். அந்த விமானம் முதலில் கிடைத்தவர்களில் போல்கேயும் இம்மெல்மானும் உண்டு. 1916 ஜனவரி 12-ல் இருவருக்கும் ஒரே நாளில் நாட்டின் உயர்ந்த வீர விருது கிடைத்தது.

இதற்கு முன்பே, 1915 ஆகஸ்டில், கால்வாயில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பையனைக் கண்டு, போட்ட உடுப்போடு குதித்துக் காப்பாற்றினார் போல்கே. எதிரி நாட்டுப் பிள்ளை என்று யோசிக்கவில்லை.

1916 ஜூனில் இம்மெல்மான் இறந்தார். போல்கேயையும் இழக்க விரும்பாத ஜெர்மன் பேரரசர், அவர் பறப்பதை நிறுத்தி, கிழக்கே சுற்றுப்பயணம் அனுப்பினார். சும்மா இருக்கிற மனுஷரா அவர்? அனுபவத்தையெல்லாம் எட்டு விதிகளாக எழுதிவிட்டார். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், கிட்டே போய்ச் சுடு, பின்னாலிருந்து தாக்கு, எதிரியின் எல்லைக்குள் போனால் திரும்பும் வழியை மறக்காதே என்ற மாதிரி. கடைசி விதி, குழுவாகப் போரிடுவது பற்றியது. ஒரே எதிரியைப் பலர் துரத்தக்கூடாது என்பது அதன் சாரம்.

திரும்பியதும் புதிய படைப்பிரிவு ஒன்றுக்கு அவரையே தலைவராக்கினார்கள். ஆட்களை அவரே பொறுக்கி எடுத்தார். கிழக்கு முனையிலிருந்து 24 வயது ரிக்டோஃபனையும், வயதில் மூத்த எர்வின் போமேயையும் அழைத்து வந்தார். பாடம் சொல்லிக்கொடுத்து, 1916 செப்டம்பர் 17-ல் கூட்டமாகப் போருக்குக் கூட்டிப்போனார். அன்றுதான் ரிக்டோஃபனின் கணக்கு தொடங்கியது.

அக்டோபர் 28. போல்கே அதுவரை வீழ்த்தியது 40 விமானங்கள். காலையிலிருந்து ஓய்வில்லாமல் பறந்துகொண்டிருந்தார். மாலையில் அவரும் போமேயும் ஒரே ஆங்கிலேய விமானத்தைத் துரத்தினார்கள். இன்னொரு விமானம் குறுக்கே வர, இருவரும் சட்டென்று விலகினார்கள். போமேயின் சக்கரங்கள் போல்கேயின் மேல் இறக்கையில் உரசின. இறக்கை பிய்ந்து விமானம் விழுந்தது. போல்கேக்கு அப்போது வயது 25.

எந்த எதிரியாலும் வீழ்த்த முடியாதவர், தன்னுடைய கடைசி விதி மீறப்பட்ட ஒரு கணத்தில், தன் சிஷ்யன் விமானம் பட்டுப் போனார். போமே மனமுடைந்து போனார். 1917 நவம்பரில் அவரும் போரிலேயே மாண்டார். ஆங்கிலேய விமானிகள் போல்கேக்காக மலர் வளையம் ஒன்றை வானிலிருந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

ரிக்டோஃபன் 1918 ஏப்ரல் 21-ல் ஒரு விமானத்தைத் துரத்திக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் தாழப் பறந்து குண்டடி பட்டு இறந்தார். திரும்பும் வழியை மறக்காதே என்ற விதி அவருக்கும் தெரிந்ததுதான்.

நானும் ஒரு எஞ்சினியர். தொழிற்சாலையில் ஒவ்வொரு பாதுகாப்பு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய ரத்தம் இருக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். அதை எழுதியவருக்கே களைப்பு வரும், அவசரம் வரும். அதனால் விதி பொய்யாகிவிடுவதில்லை. போல்கே போன பிறகும் அவருடைய பிரிவில் வந்து சேர்ந்த பையன்கள் முதலில் படித்தது அந்த எட்டு விதிகளைத்தான். அடுத்த தடவை டி.வி.யில் சிவப்பு விமானம் வந்தால், அதற்குப் பின்னால் இருந்த வாத்தியாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.