கிளாடியஸ் ரெகோ

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1870-ஆம் ஆண்டு பிறந்தவர் கிளாடியஸ் ரெகோ. அவர் அங்கேயே மருத்துவம் கற்று, உடலின் திசுக்களை நுண்ணோக்கியால் ஆராய்வதில் வல்லவரானார்.

1895-இல் இராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். விரைவிலேயே மருத்துவர்கள் அதனைப் புற்றுநோயின்மீது செலுத்தலாயினர். கதிர் கட்டியை அழித்தது உண்மையே. ஆனால், மேலுள்ள தோலையும் புண்ணாக்கியது. அளவைக் குறைத்தாலோ நோய் மீண்டது. ஒரே முறையில் பேரளவு செலுத்துவதே தக்கது என்று வாதித்தவர் பலர்.

பாரிசு நகரில் ரேடியம் நிலையம் 1914-இல் கட்டி முடிந்தது. அதன் ஒரு பகுதிக்கு மேரி கியூரி அம்மையாரும், உயிரியல் பகுதிக்கு ரெகோவும் தலைவராயினர். அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. ரெகோ படைவீரர்களுக்கான மருத்துவமனையை நடத்தச் சென்றார்.

போர் ஓய்ந்தபின் அவர் தம் வினாவுக்கு விடை தேடியது ஆட்டுக்கடாவினிடத்தில்! கடாவின் விதையில் உயிரணுக்கள் ஓயாது பிரிந்து பெருகுகின்றன. புற்றுக்கட்டியும் அவ்வாறே பெருகுவது. ஆதலின், விதையைக் கட்டிக்கும், அதனை மூடிய தோலை நலமுள்ள உறுப்புக்கும் ஒப்பாகக் கொண்டார். ஒரே முறையில் கதிரைச் செலுத்திக் கடாவை மலடாக்க முயன்றபோது தோல் பெரிதும் கெட்டது. பல பகுதிகளாகப் பிரித்து, இடைவெளிவிட்டுச் செலுத்தியபோது கடா மலடாயிற்று. தோலோ பெருங்கேடின்றித் தப்பியது. அவருடன் பணியாற்றிய ஆன்றி கூட்டார் இம்முறையைக் குரல்வளைப் புற்றில் கையாண்டு, நோய் முற்றியவர் சிலரைக் குணப்படுத்தினார். அச்செய்தி 1922-இல் பாரிசில் மருத்துவர்களுக்கு அறிவிக்கப்பட்டது.

ரெகோ 1940-இல் மறைந்தார். அவர் வகுத்த வழியின் அருமை கண்ணருகே நன்கு புலப்படும். மூளையின் அடியில் பிட்யூட்டரிச் சுரப்பி உள்ளது. அதற்குச் சற்று மேலே பார்வை நரம்புகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அங்கே கட்டி தோன்றினால், கதிர் அந்நரம்புகளையும் தொடாமலிராது. தோல் கெட்டால் புதிதாய் வளரும். பார்வை நரம்பு அங்ஙனம் வளர்வதில்லை. கேடும் உடனே தெரிவதில்லை. மாதங்கள், சிலபோது ஆண்டுகள் கழிந்தே பார்வை மங்கும். கிரே என்பது கதிரின் அளவு. ஒரே முறையில் செலுத்துவதாயின் 8 முதல் 10 கிரேக்கு மேல் அந்நரம்புக்குப் பட விடுவதற்கு மருத்துவர் அஞ்சுவர். ஆயினும், வேளைக்கு 1.8 கிரேயாக 28 வேளைகளில் 50.4 கிரே செலுத்தினால் பெரும்பாலோர்க்குப் பார்வை கெடுவதில்லை. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையில் நரம்பின் உயிரணுக்கள் தம் சேதத்தைப் பெரிதும் சீர்செய்துகொள்கின்றன. நோயாளி வாரத்தில் ஐந்து நாள் வந்து, சில நிமிடம் அசையாது படுத்திருந்து, வீடு திரும்புகிறார்.